சீனாக்காரனின் வேட்டி

1996, அக்டோபர் 3, வியாழன்
காலையில் தூறல். நந்தனம் பாஸ்கெட்பால் கோர்ட்டில் தண்ணீர், சாக்கு போட்டு ஒற்றினோம். முதலாளி ஒரு சீனாக்காரனைக் கூட்டி வந்தார். பெயர் லியூ. ஆறடி ஒன்பது அங்குலம். அவன் ஊரில் சம்பளத்துக்கு பாஸ்கெட்பால் ஆடியவனாம். முழங்கால் போனதும் கழற்றி விட்டார்களாம். தீபாவளி வரை எங்கள் ஜவுளிக்கடை டீமில். அதுவும் என் இடத்தில். எனக்கு பெஞ்சு. ஆட்டம் போனால் கடையில் பில் போடும் வேலையும் போகும். அதற்காகத்தானே வைத்திருக்கிறார்கள்.

அக். 7, திங்கள்
வாங்க: சோப்பு, ஷூ லேஸ், அம்மாவுக்குத் தலைவலித் தைலம்.
நன்றாகத்தான் ஆடுகிறான், சனியன். இடது முழங்காலில் கட்டு சுற்றும்போது மட்டும் முகம் சுருங்குகிறது. பார்த்து வைத்துக்கொண்டேன்.

அக். 11, வெள்ளி
பயிற்சி. லியூ எம்பிப் பந்தைப் போட்டான். இறங்குகிற இடத்தில் என் காலை வைத்தேன். ஊரில் எல்லாரும் செய்வதுதான். நடுவர் பார்த்தால் ஃபவுல், பார்க்காவிட்டால் சாமர்த்தியம். முழங்கால் சத்தம் எனக்கே கேட்டது.
என்னோடு ஆடும் சலீம் ஓரமாக இழுத்துப் போனான். "இன்னா மச்சி, வேணும்னே கால வெச்சியா?"
வழுக்கிவிட்டது என்றேன். லியூ என் தோளைப் பிடித்துத்தான் நொண்டிக்கொண்டு வெளியே போனான். அவன் கைக்கு எட்டுகிற தோள் வேறு இல்லை. பாண்டி பஜாரில் பரோட்டா. நன்றாக இறங்கியது.

அக். 19, சனி
லியூ இனி ஆட மாட்டான். முதலாளிக்கு எரிச்சல். "இவ்ளோ உயரத்த ரூம்ல படுக்கப் போட்டு சோறு போடுறதா? வாசல்ல நிக்கட்டும்."
பட்டுச் சட்டை. இரண்டு வேட்டியை ஒட்டுப் போட்டுத் தைத்த ஒரே வேட்டி. கடை வாசலில் ரங்கநாதன் தெருவே திரண்டுவிட்டது. குழந்தைகளை அவன் காலோடு நிறுத்தி உயரம் பார்க்கிறார்கள். ஒரு மாமி வீட்டுக்காரரிடம், "ஏன்னா, பொம்மையா மனுஷாளா, சித்த தொட்டுப் பாருங்கோ." அவர் போயும் போயும் அந்த முழங்காலைத் தட்டினார். லியூ கும்பிட்டான். சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பில் கவுன்டரில் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நவ. 2, சனி
ஃபைனல். என் இடம் எனக்கு. ஒரு பாயின்ட்டில் தோல்வி. கடைசி இரண்டு ஃப்ரீ த்ரோவும் நான் தவறவிட்டது. முதலாளி பரிசளிப்புக்கு நிற்காமல் காரில் ஏறிவிட்டார். டீமைக் கலைக்கப் போகிறார் என்கிறான் சலீம். பயமாக இருக்கிறது.

நவ. 4, திங்கள்
மழை. லியூவுக்குக் கால் வீங்கி நிற்க முடியவில்லை. விடியற்காலை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றி விட்டார்கள். தீபாவளிக் கூட்டம் இனிமேல்தான்.
முதலாளி கூப்பிட்டார். முகத்தைப் பார்க்கவில்லை, தலையிலிருந்து கால் வரை அளந்தார். "பில்லுக்கு வேற பையன் வந்துட்டான். நீ வாசல்ல நின்னுக்க."
அதே வேட்டி. அவன் காலுக்குத் தேய்த்த தைல வாடை போகவில்லை. தரையில் புரண்டது. இழுத்துச் செருகிக்கொள்ளச் சொன்னார்.
முதலில் வந்த ஒரு அம்மா தன் பையனை என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். திருப்தியில்லை. உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"அந்த சீனாக்காரர் இன்னிக்கு லீவா?"