எல்ஸி டின்னில் எழுதியிருக்கிற வரி

அன்பு மகள் எல்ஸிக்கும் மருமகன் ராட்னிக்கும் என் தங்கப் பேத்தி கிறிஸ்டினுக்கும் சிலிபினிலிருந்து அம்மா எழுதுவது. மாதா காவலில் நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதிப் பழகின கை, ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் நானும் கோழிகளும் பக்கத்து வீட்டு மங்களம் அக்காவும் சுகம் என்று மட்டும் எழுதுகிறேன். அப்பாவைப் பற்றிக் கீழே வருகிறது, பதறாமல் வாசி, உட்கார்ந்து வாசி.

போன் இருக்கும்போது அம்மா ஏன் பேப்பரில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் அப்பா சட்டைப் பையில்தான் இருக்கு, பேசினால் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்காருவார், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பாதிக் கதை சொல்லி முடித்திருப்பார், இந்த விஷயத்தை அவர் எதிரில் பேச முடியாது. மங்களம் அக்கா மகள் தினேஸ்வரி கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸியாக இருக்கிறாள் இல்லையா, அவள்தான் நீங்க எழுதிக் குடுங்க அத்தை, நான் படம் பிடிச்சு அக்காவுக்கு அனுப்புறேன் என்றாள். அவள் மலாய் ஸ்கூல் பிள்ளை, தமிழில் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது, அதனால் தைரியமாக எல்லாவற்றையும் எழுதலாம், அவள் அம்மாவைப் பற்றிக்கூட எழுதலாம். உன்னை நான் பிடிவாதமாகத் தமிழ்ப் பள்ளியில் போட்டேனே, அப்போது உன் அத்தைமார் எல்லாரும் சிரித்தார்கள், நான் அஞ்சாவதோடு நின்றவள் எனக்கு என்ன தெரியும் என்று. இப்போது பார்.

கிறிஸ்டின் நீச்சலில் மெடல் வாங்கின படம் வந்தது. அப்பா பையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு போய் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லாருக்கும் காட்டினேன், ஃபாதரிடமும் காட்டினேன், தவசு காலத்தில பெருமை பேசக்கூடாதும்மா என்று சிரித்தார், பேத்தியைப் பத்திப் பேசுறது பெருமையில சேராது ஃபாதர் என்று சொல்லிவிட்டேன். தலையை நன்றாகத் துவட்டிவிடு, அந்த ஊர்க் குளிரில் ஈரத் தலையோடு விடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நடுவில் எழுந்து போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன், காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு பேப்பர் பார்க்கிறார், ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. உன் டின்தான் விஷயம். அந்தத் தானிய மாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, எங்கள் வீட்டு வரிசையில் யாரும் அதைச் சொல்வதில்லை, எல்லாருக்கும் அது எல்ஸி டின். கடையில் போய் எல்ஸி டின் இருக்கா என்று கேட்டு ஒருத்தி திரும்பி வந்திருக்கிறாள். உங்கள் ஆபிசில் மலாய் தெரிந்தவள் நீ ஒருத்திதான் என்று இந்த ஊருக்கு வருகிற டின் வேலையை உன்னிடம் கொடுத்தார்கள், மேலே இருக்கிற படமும் எழுத்தும் நீ செய்தது என்று தெரிந்த நாளிலிருந்து அப்பா தரையில் நடக்கவில்லை. அதிலும் பேரப்பிள்ளையோடு ஓடுகிற அந்தத் தாத்தாவை அப்பா போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்தாய் என்று சொன்னாயே, அதற்கப்புறம் கேட்கவா வேண்டும், பூசைக்கே டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். மங்களம் அக்காவும் வாங்கினாள், காயா செராத் என்று போட்டிருக்கிறதைப் பார்த்து ரொட்டிக்குத் தடவுகிற காயா என்று நினைத்துக்கொண்டு, முட்டை வாசமும் இல்ல தேங்காப்பால் வாசமும் இல்ல, ஏமாத்துறானுங்க லா என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டாள். நார்ச்சத்து நிறைய இருக்கிறது என்று அர்த்தமாம், தினேஸ்வரி சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தது எனக்கே திரும்பி வந்தது.

பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கிறாயே, தான்பா கூலா தம்பாஹான் என்று, அதை உன் அப்பா எப்படி வாசித்தார் தெரியுமா. அவர் மலாய் படித்தது தோட்டத்துக் கடையிலும் காவலுக்கு நிற்கிற ஜாகா வேலை பார்த்த கேட்டிலும்தான், உனக்குத் தெரியும். தான்பா கூலா, சீனி கிடையாது, அது சரியாக வாசித்துவிட்டார். அடுத்தது தம்பா. சாப்பாட்டுக் கடையில் தம்பா என்றால் இன்னொரு கரண்டி சோறு கொண்டு வா என்று அர்த்தம், அதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் சீனி இல்ல, தம்பா போட்டுக்கலாம்னு எம் புள்ளயே எழுதியிருக்கா என்று ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் குவித்துக் குவித்துப் போட்டுக் கலக்குவார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, நானும் தம்பா போட்டுத்தான் கலக்கிக் கொடுத்தேன். இனிப்பு நீர் வியாதி வந்ததிலிருந்து பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் தவிர வேறு குடிக்காத மனுஷன், கலியாண வீட்டில் லட்டைக் கையால் தொடமாட்டார், அவருக்கு இந்த ஒன்றாவது வாய்க்கு ருசியாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். தவசு காலம் தொடங்கினதும் ஒருசந்தி இருக்கிறேன் என்று ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டு அதற்குப் பதிலாகவும் அதையே குடிக்க ஆரம்பித்தார். ஆண்டவருக்கும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு என்பார்.

கோழிக்கூண்டுக் கம்பி அப்பா கால் கட்டைவிரலைக் கிழித்தது, சின்னக் காயம்தான், மஞ்சள் வைத்துக் கட்டினேன். ஆறவில்லை. மருந்து போட்டோம், அதற்கும் ஆறவில்லை. பிறகு ஓரம் கறுக்க ஆரம்பித்ததும் சண்டை போட்டுக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் குத்திப் பார்த்த சின்ன டாக்டர் மிஷினையே தட்டிப் பார்த்தார், கெட்டுப்போச்சோ என்று. அங்கிள் இவ்வளவு இனிப்பு எங்கே சாப்பிட்டீங்க என்று கேட்டார். அப்பாவுக்கு வந்ததே கோபம், பிளாஸ்டிக் பையிலிருந்து உன் டின்னை எடுத்து மேசைமேல் வைத்தார், தான் ஒழுங்கான ஆள் என்று காட்டத்தான் கொண்டுபோயிருக்கிறார், எனக்கே தெரியாது. தினேஸ்வரி எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள், அங்கே எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. முன்னால எழுதியிருக்கிறத விட்டுட்டுப் பின்னால போய் என்னம்மா பாக்குற, வீட்டுக்கு வாரவ முன்வாசல் வழியா வரணும் என்று அப்பா கிண்டல் பண்ணினார். அவள் சிரிக்கவில்லை. சீனிக்கு முன்வாசல் என்ன பின்வாசல் என்ன மாமா, உள்ள வந்தா எல்லாம் ஒண்ணுதான் என்றாள். தம்பாஹான் என்றால் மேல்கொண்டு சேர்த்தது, மேல்கொண்டு சீனி கொட்டவில்லை என்றுதான் அந்த வரிக்கு அர்த்தமாம், ஆனால் பேரீச்சம்பழத்தையும் மால்ட்டையும் காய்ச்சிக் கலந்திருக்கிறார்களாம், அதிலேயே வேண்டிய இனிப்பு இருக்கிறதாம், பாதி டின் இனிப்புதான் மாமா என்று விரலை வைத்துக் காட்டினாள்.

அப்போது அப்பா ஒரு கேள்வி கேட்டார், வெளியே வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்ப எம் புள்ள பொய் எழுதியிருக்காளா. தினேஸ்வரி, பொய்னு சொல்ல முடியாது மாமா, ஆனா என்று இழுத்தாள், மிச்சத்தைக் கேட்காமலே குதிகாலால் நொண்டிக்கொண்டு வெளியே போய்விட்டார், மருந்தும் வாங்கவில்லை. அன்றையிலிருந்து வீம்பு. முன்னே குடித்ததைவிட அதிகமாகக் குடிக்கிறார், என் முன்னாலேயே, என்னைப் பார்த்துக்கொண்டே. அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன், அந்தக் காலோடு மோட்டோ சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வேறு டின் வாங்கி வந்தார். ஒரு கரண்டி குறைத்துக் கலக்கினேன், நாக்கில் வைத்ததும் கண்டுபிடித்துவிட்டார். நர்ஸ் சொல்றது நெசம்னா எம் மவ பொய்க்காரின்னு ஆவுது, அத என்னால ஒத்துக்க முடியாது என்கிறார். ஆயாசமாக இருக்கு எல்ஸி. உனக்காகத்தான் குடிக்கிறார், உன்னைக் காப்பாற்றுகிறதாக நினைத்துக் குடிக்கிறார், நான் எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வேன்.

புண்ணைக் காட்ட மட்டும் ஒத்துக்கொண்டு வந்தார், பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இனிப்பு இறங்கினால் மருந்திலேயே காப்பாற்றப் பார்க்கலாம், இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டும், விரலோடு நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். குருத்து ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதிவிட்டுப் போய் அடுப்பை அணைத்தேன், அடுப்பில் ஒன்றுமே இல்லை, வெறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. புத்தி ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

இன்னொன்றை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது அப்பா தன் கையாலேயே கலக்கி உனக்குக் கொடுத்தாரே, ஒரு வாய் வைத்துவிட்டு எனக்கு ரொம்ப இனிப்புப்பா என்று கோப்பையைச் சமையல்கட்டில் வைத்துவிட்டாய். சீனி இல்லாத இனிப்பு ஒண்ணும் பண்ணாது, நீதான எழுதியிருக்க என்று அவர் சிரித்தார். அந்தக் கோப்பையை நான்தான் கழுவினேன், அப்படியே நிறைய இருந்தது. கிறிஸ்டின் கேட்டபோதும் கொடுக்காதே என்று கண்ணைக் காட்டிப் பச்சைத் தண்ணீர் கொடுத்தாய். புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அளவா குடிங்கப்பா என்று சொன்னாய், கார் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் ஒன்றும் நினைக்கவில்லை. இப்போது பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் நினைக்கிறேன். உனக்கு அப்போதே தெரியும் எல்ஸி.

நீ கெட்டவள் என்று எழுத வரவில்லை. சம்பளம் வாங்குகிற இடத்தில் சொன்னதைச் செய்யத்தான் வேண்டும், தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டின காலத்தில் கங்காணி சொன்னதை எல்லாம் நாங்களும் செய்தோம், எனக்கு அது புரியாமல் இல்லை. மற்ற வீடுகளில் யார் யார் தம்பா போட்டுக் குடிக்கிறார்களோ, அதை நீயும் உன் கம்பெனியும் உன் மனசாட்சியும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், அதையும் சும்மா விட்டுவிடாதே. மங்களம் அக்கா வீட்டுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன், அதான பாத்தேன், உம் மவ டின்னால என் இடுப்புத்தான் பெருத்துச்சு லா என்று சிரித்தாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்குள் இருக்கிற மனுஷனுக்குத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. டாக்டர் சொல்லிக் கேட்கவில்லை, மிஸ்ஸி சொல்லிக் கேட்கவில்லை, நான் அழுதும் கேட்கவில்லை. உன் எழுத்தைத்தான் நம்புகிறார், அதனால் அதை நீதான் திரும்ப வாங்க வேண்டும்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து அவர் பசியாறிவிட்டு உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்துக் கூப்பிடு. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைக்கச் சொல். அந்த வரிக்கு நீங்க நினைச்ச அர்த்தம் இல்லப்பா, அதில இனிப்பு இருக்கு, எழுதும்போதே எனக்குத் தெரியும், நீங்க குடிக்கக் கூடாது, இதை உன் வாயால் சொல். தமிழில் சொல். சுற்றி வளைக்காதே, டின்னில் எழுதுகிற மாதிரி பேசாதே. முதலில் சிரிப்பார், பிறகு சத்தம் போடுவார், போனை வைத்தாலும் வைத்துவிடுவார், திரும்பவும் கூப்பிடு. அவர் கண்ணில் குறைந்துபோவோம் என்று உனக்குப் பயமாக இருக்கும். குறைந்துதான் போவாய் கண்ணு, கொஞ்ச நாளைக்கு. கோயில் வாசலில் டின்னைக் காட்டினவர் தலை குனிந்து நடக்க வேண்டி வரும், அதற்கும் உன்னைத்தான் திட்டுவார். திட்டட்டும். நீ பொய்க்காரி ஆனாலும் அவர் பொறுத்துக்கொள்வார், அப்பன்தானே, இரண்டு காலோடு நின்று திட்டட்டும். அவர் கோபம் ஆறிவிடும் எல்ஸி. புண்தான் ஆற மாட்டேன் என்கிறது.

என் கண்ணில் நீ குறையவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அங்கே சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாய். ராட்னியின் முதுகு வலி எப்படி இருக்கிறது, கேட்டதாகச் சொல். மாதாவும் இருதய ஆண்டவரும் உங்கள் மூன்று பேர் கூடவும் இருந்து நடத்தட்டும், கிறிஸ்டின் நெற்றியில் என் பெயரால் ஒரு சிலுவை போட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே, உங்கள் கடிகாரம் எங்களுக்கு முன்னால் ஓடுகிறது, பார்த்துக் கூப்பிடு. அவர் போனுக்கு விடியற்காலையிலேயே நான் சார்ஜ் போட்டு வைத்துவிடுகிறேன்.

உன் அம்மா
நவமணி கஸ்பார்
சிலிபின், ஈப்போ