இரண்டாவது ஹார்ம்

என் அன்புள்ள கெர்டா அக்கா,

நீங்கள் போட்ட கடிதத்துக்கு அயோவாவிலிருந்து பதில் வந்துவிட்டது. நீங்கள் போய் ஐந்து கிழமைக்குப் பிறகு வந்திருக்கிறது. அகராதியை வைத்து நானே வாசித்தேன். வாசித்தவுடன் படியிறங்கி உங்கள் கதவைத் தட்டப் போய்விட்டேன், பாருங்கள்.

ஜெர்மனியில் பிறந்து, இங்கே டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு மணமுடித்து வந்தவர் நீங்கள். உங்கள் பூட்டனின் தம்பி ஹார்ம் அமெரிக்காவுக்குக் கப்பலேறினாராம். அவருடைய ஆட்களை எத்தனை வருடம் தேடினீர்கள்! அயோவாவில் அதே பெயரில் குடியேறிய ஒருவரைக் கண்டும்பிடித்தீர்கள். பழைய தேவாலயப் பதிவுகளை நீங்கள் வாசிக்க, பிறப்பு, இறப்பு என்று கோடு போட்ட கொப்பியில் நான் எழுதிவந்தேன். ஒருநாள் அந்த வரி வந்தது: ஹார்ம், இரண்டு வயதில் மரணம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்தீர்கள். நாம் பேசியது டேனிஷில்தான். எனக்கு இன்றும் தமிழாகத்தான் கேட்கிறது.

"அவ்வளவுதான், ராணி. செத்த பிள்ளை எப்பிடிக் கப்பலேறும்? அயோவா ஹார்ம் வேற ஆரோ."

"பொறுங்கோ அக்கா. அந்தத் தாய்க்குப் பிறகும் ஒரு பொடியன் பிறந்ததோ எண்டு பாருங்கோ."

"ஏன், உன்ரை பிள்ளையார் கனவில வந்து சொன்னவரோ?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. என்ரை பேரே செத்துப்போன அக்காவின்ரை பேர்தான்."

எனக்கு முன் பிறந்து காய்ச்சலில் போன செல்வராணிதான் திரும்பி வந்தாள் என்று நம்பி, அம்மா அதே பெயரை எனக்கும் வைத்தார். நீங்கள் நம்பாமல்தான் பக்கத்தைத் திருப்பினீர்கள். இரண்டு பக்கம் தள்ளி இரண்டாவது ஹார்ம் இருந்தான்!

சிரித்து முடித்து, என் கையிலிருந்த பேனையை வாங்கி, கொப்பியின் ஓரத்தில் என் அக்காவின் பெயரை எழுதினீர்கள். அவளுடைய பிறப்புப் பத்திரம் ஊரில் வீட்டோடு எரிந்துபோனது. அவள் இருந்தாள் என்பதற்கு இப்போது உங்கள் கையெழுத்து மட்டும்தான் சாட்சி. இதற்கு எப்படி நன்றி சொல்வது அக்கா? நீங்கள் உயிரோடிருந்தபோது தேத்தண்ணிதானே ஊற்றித் தந்தேன்.

கடிதம் எழுதியவர் ஹார்மின் பேரனுடைய மகள். இறந்த அண்ணனின் பெயரைத் தாங்கி வந்தவர் ஹார்ம் என்று அவர்கள் வீட்டு வேதாகமத்திலும் எழுதியிருக்கிறதாம். தங்களைத் தேட இந்தக் கரையில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று நினைத்திருந்தார்களாம். கடைசி வரியில், "கெர்டா சுகமா?" என்று கேட்டிருக்கிறார்.

அதற்குப் பதில் எழுத மூன்று நாள் என் கை ஓடவில்லை. நான் யார் இதைச் சொல்ல? மகள் டேனிஷில் அதட்டினாள்: "நீங்கள் எழுதாட்டி வேற ஆர் அம்மா எழுதுறது?" வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு எழுதினேன். யார் எழுதுவது என்று சொல்ல வேண்டி வந்தபோது, "தங்கை" என்று போட்டேன். கோபிக்க மாட்டீர்கள்தானே?

கோடையில் அவர்கள் வருகிறார்கள். உங்கள் கல்லறைக்கு நானே கூட்டிவருவேன். பூவை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். நீங்கள் ஆறுதலாக உங்கள் ஆட்களோடு கதையுங்கள்.

உங்கள் தங்கை,
செல்வராணி