கடைசி வாங்கில் ஒரு குரல்

பதுளை
7.2.1954

அன்புள்ள சிவஞானம் அண்ணைக்கு,

நீங்கள் விட்டுப்போன வகுப்பையும் குளிரையும் நான் ஏற்று ஒரு மாதமாகிறது. உங்களிடம் படித்த அதே பிள்ளைகள், அதே அறை. "சிவஞானம் சேர் இப்பிடிச் சொல்லித் தரல்லையே" என்று என் ஆங்கிலத்தைத் திருத்துகிறார்கள். அலுமாரிப் புத்தகங்கள் தொட ஆளின்றிப் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. பள்ளி விட்டதும் ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் இருந்துவிடுவேன்.

போன வெள்ளி மூன்றரைக்கே மூடுபனி இறங்கிவிட்டது. நம் வகுப்பில் யாரோ ஆங்கிலம் வாசிப்பது கேட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் சின்னத் தயக்கம், ஆனால் ஒரு பிழை இல்லை. பாராட்டலாம் என்று போனேன். பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகள் எல்லாம் காலி. நான் உள்ளே நிற்கும்போதே கடைசி வாங்கிலிருந்து இன்னும் இரண்டு வசனம் வந்தது, அண்ணை. பிறகு நின்றுவிட்டது.

கதவு பூட்ட வந்த பியோன் ஜுனைதீனுக்கு ஆச்சரியமே இல்லை. "அது அப்பிடித்தான் சேர். நீங்க போங்க" என்றார். உங்கள் காலத்திலும் இது இருந்ததா?

அன்பு மறவாத,
இரகுநாதன்


மானிப்பாய்
15.2.1954

அன்புத் தம்பி இரகுவுக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கும் வாசித்துக் காட்டிச் சிரித்தேன். பதுளைக் காற்று யன்னல் இடுக்கால் புகுந்தால் சுவரும் இங்கிலீசு பேசும். ஜுனைதீனுக்குக் கதை கட்டுவதுதான் பொழுதுபோக்கு. தனியே இருந்து வாசிப்பதைக் குறை. தபாற்கந்தோர் ஆட்களோடு பின்னேரங்களில் நட.

ஓர் உதவி. அலுமாரியின் கீழ்த்தட்டில் பிள்ளைகள் எழுதிய பழைய கொப்பிக் கட்டொன்று கிடக்கும். பிரயோசனமில்லாதது, எரித்துவிடு. அந்தப் பெட்டையின் குரலை நினைத்து மனதைக் குழப்பாதே. அண்ணி எள்ளுருண்டை அனுப்புகிறா.

உன் நலமே நாடும்,
சிவஞானம்


பதுளை
2.3.1954

அன்புள்ள அண்ணைக்கு,

எள்ளுருண்டை உடையாமல் வந்தது. அண்ணிக்கு என் நன்றி.

அண்ணை, அது பெண்குரல் என்று நான் எழுதவேயில்லை.

எரிக்கமுன் கட்டை அவிழ்த்தேன். மேலே இருந்த கொப்பியில் 'இராசையா நல்லம்மா' என்று பேர். மழைநாளில் தோட்டத்தில் தாங்கள் குடியிருக்கும் லயம் எப்படி இருக்கும் என்று ஆங்கிலத்தில் கட்டுரை. கூரை ஒழுக ஒழுகத் தாய் தன் பாயை நனைந்த பக்கத்துக்கு இழுத்து, மகளின் பாயைக் காய்ந்த பக்கம் தள்ளுகிறாள். இருபது வருடம் படிப்பித்தும் இப்படி ஒன்றை நான் திருத்தியதில்லை. கீழே உங்கள் சிவப்பு மையில் பூச்சியம். 'யார் எழுதித் தந்தது?' என்ற கேள்வி. நான் வகுப்பில் கேட்ட இரண்டு வசனமும் அதில் இருந்தன.

சனிக்கிழமை அவளைத் தேடி ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். பிள்ளை செத்துப்போயிருப்பாள் என்றே நினைத்திருந்தேன். இல்லை. மலையில் கொழுந்து எடுக்கிறாள். என்னைக் கண்டதும் கைகூப்பினாள். வாய் திறக்கவில்லை.

தாய் பெரியாயி சொன்னா: "போன வருசம் ஒருநாளு பள்ளிக்கூடத்துலேருந்து வந்தவதாங்க. அதோட பேச்சு நின்னுபோச்சு. ஆஸ்பத்திரியில தொண்டையப் பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. அழுதாக்கூட சத்தம் வராதுங்க."

அன்று என்ன நடந்தது?

இரகுநாதன்


மானிப்பாய்
20.3.1954

இரகு,

இதை அண்ணிக்கு வாசித்துக் காட்டவில்லை.

லயத்துப் பிள்ளைக்கு இந்த இங்கிலீசு வராது என்று முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன். அவளைக் கடைசி வாங்கில் ஏற்றி நிறுத்தினேன். "நாந்தான் எழுதினேன் சேர்" என்றாள். "பொய் சொல்லாதை. இனி வாய் திறக்கப்படாது" என்றேன். வேறொரு தலைப்புக் கொடுத்து அங்கேயே எழுத வைத்தேன். அரை மணித்தியாலத்தில் எழுதித் தந்தாள். முதலாவதைவிடத் திறம்.

அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "சரி, போ" என்றேன். அவ்வளவுதான்.

மறுநாள் அவள் வரவில்லை. குரல் வந்தது. பள்ளி விடுமுறை விடும்வரை ஒரு தவணை முழுக்கக் கேட்டேன். அம்மாவுக்குச் சுகமில்லை என்று பொய் எழுதித்தான் இங்கே இடமாற்றம் வாங்கினேன்.

இங்கே என்னை உப அதிபராக்கப் போகிறார்கள். நான் அங்கே வரமாட்டேன். இதைக் கிழித்துவிட்டு என்னை நிம்மதியாக இருக்க விடு.

சிவஞானம்


பதுளை
4.4.1954

அண்ணைக்கு,

கிழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரியாயியும் நல்லம்மாவும் நான் கேட்டதற்காகப் பள்ளிக்கு வந்தார்கள். பிள்ளை உள்ளே கால் வைக்கவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அன்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் இருந்தார்கள். உங்கள் கடிதத்தை எடுத்து உரக்க வாசித்தேன். உங்களைக் கேட்டால் சம்மதிக்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

இரண்டாம் வரியிலேயே கடைசி வாங்கிலிருந்து அந்தக் குரல் சேர்ந்துகொண்டது. என்னைவிட அரைச் சொல் முந்தி வாசித்தது. கடிதமோ என் கையில். பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன் வாங்கில் ஸவாஹிரா என்ற பிள்ளை அழத் தொடங்கினாள். எனக்கு நிறுத்தப் பயமாயிருந்தது. நான் நிறுத்தினாலும் அது தனியே வாசித்து முடிக்கும் என்று பட்டது. கடிதத்தின் அடியில் உங்கள் பெயரை வாசித்ததோடு நானும் அந்தக் குரலும் ஒன்றாக நிறுத்தினோம்.

வாசலில் நல்லம்மா இருமினாள். ஆறேழு மாதத்துக்குப் பிறகு வந்த சத்தம். "அம்மா, தண்ணி" என்றாள். பெரியாயி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. ஜுனைதீன்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அடுத்த தவணை வகுப்புக்கு வருகிறாள். தொண்டை இன்னும் கரகரக்கிறது.

எனக்கு இந்த வேலையைத் தேடித் தந்தவர் நீங்கள். இனி எழுதமாட்டீர்கள். அதற்கு நான் குறை சொல்லமுடியாது. அண்ணிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

போகும்போது நல்லம்மா உங்கள் கடிதத்தைக் கேட்டாள். அதை வைத்து என்ன செய்யப்போகிறாள் என்று நான் விசாரிக்கவில்லை. கொடுத்துவிட்டேன்.

இரகுநாதன்