ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்ட்

அன்புள்ள ஜெமிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். மீமிசலில் எல்லோரும் சுகமா? அம்மாவின் முட்டுவலி தேவலையா? போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நம் ஆஃபியாவின் பள்ளி ஆண்டுவிழா நேரலை இந்தியாவுக்குள் மட்டும்தான் தெரியும். அதற்காகத்தானே லீவில் வந்தபோது மாடியறைக் கம்ப்யூட்டரை ப்ராக்ஸி சர்வராக மாற்றிவைத்தேன்? மஸ்கட்டிலிருந்து அதன் வழியாகப் போனால், நானும் ஊரில் இருக்கிற கணக்கு. வேறு யாரும் நுழையக் கூடாதென்று பாஸ்வேர்டும் போட்டேன். நீயோ நோன்புக் கஞ்சி மாதிரி, தூக்குவாளி நீட்டியவர்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டாய்! கேட்டால், “புருஷன் வெளிநாட்டுல இருக்கிறவங்க வந்து கேக்கையில இல்லைன்னு எப்படிங்க சொல்றது?” என்கிறாய்.

நேற்று ஆஃபியா மேடையேறிய நேரத்தில் பாதி வளைகுடாவும் என் லைனில் கிரிக்கெட் பார்த்தது. என் திரையில் வட்டம்தான் சுற்றியது. முன்னாலேயே நுழைந்துவிட்ட பக்கத்துக் கட்டில் சிராஜ் வந்து, “ஒங்க மக என்னமா பாடுது!” என்கிறான். பெற்றவன் பார்க்கவில்லை, அவன் பார்த்திருக்கிறான், என் பாஸ்வேர்டில்!

அவளை அதே சட்டையைப் போட்டு இன்னொரு தரம் பாடச் சொல்லிப் பதிந்து அனுப்பு. நீயும் பக்கத்தில் நில்.

டூட்டிக்கு வண்டி வந்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். லீவு முடிந்து நான் பஸ் ஏறும்போது என் காதோரம் ஒன்று சொன்னாயே, அதுதான் புதியது. எங்கே, அதை ஊருக்குச் சொல்லு பார்ப்போம்.

கபீர்