மரத்துப்போன சுட்டுவிரல்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

வெக்கை. மதிய ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸில், மாற்று எறிவாளர்கள் காத்திருக்கும் புல்பென்னில் தொலைபேசி அடித்தது. என் பெயர். இருபது பந்து எறிந்து கையைச் சூடாக்கினேன். பிறகு, தேவையில்லை, இரு என்றார்கள். பேஸ்போலில் ரிலீஃப் பிட்சராகப் பன்னிரண்டு வருடம், பாதி இப்படித்தான் போனது. எறிகிறவன் களைத்தால் நான். களைக்காவிட்டால் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பு.

சுட்டுவிரல் நுனி மரத்துப்போகிறது. மூன்றாவது கிழமை, இன்றோடு பதினேழு நாள். மனைவி சுதாவுக்கும் சொல்லவில்லை. ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. வயது 35. விரல் என்று வாய் திறந்தால் அடுத்த ஒப்பந்தம் கனவுதான். பயமாக இருக்கிறது.

(தமிழில் எழுதுவது நல்லது. லொக்கர் அறையில் எவனும் வாசிக்க மாட்டான்.)

ஓகஸ்ட் 13, புதன்

மழை. பால், கறிவேப்பிலை, சின்னவளுக்குச் சப்பாத்து. கறிவேப்பிலையை மறந்துவிட்டேன்.

ஸ்காபரோ தமிழ்க் கடையில் ஒரு அங்கிள் பிடித்துக்கொண்டார். ரீவியில் என்னைக் காணவே கிடைப்பதில்லையாம், ஏன் ஆட்டத்தின் முதலிலேயே இறக்கிவிடுவதில்லை என்றார். கால் மணி நேரம் விளக்கினேன். "அப்ப தம்பி, நீங்கள் ஸ்பெயார் ரயர்." காரின் பின்னால் கிடக்கும் உதிரிச் சக்கரம். அங்கே சிரித்தேன். கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

ஓகஸ்ட் 14, வியாழன்

ஆட்டம் இல்லை. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வரவேண்டிய சுதா வந்தது மதியம் பன்னிரண்டுக்கு. வேலை முடிந்தவளை மாற்ற வருகிறவளை அங்கேயும் ரிலீஃப் என்றுதான் சொல்கிறார்கள். வந்தவளுக்கு நாரிப் பிடிப்பு, இடுப்பு நிமிராது. சொல்லாமல் வேலை தொடங்கி, ஒரு அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது கை நழுவ விட்டிருக்கிறாள். சுதா பாய்ந்து பிடித்தாளாம். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேறு ஆள் வரும்வரை இவள்தான் நின்றாள்.

"ஏலாது எண்டு நேற்றே சொல்லியிருந்தால் வேற ஆளைப் போட்டிருப்பினம். பாவம், வேலை போயிடும் எண்டு பயந்திட்டாள்" என்றாள் சுதா.

மேசைக்கடியில் சுட்டுவிரல் நுனியை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன்.

ஓகஸ்ட் 16, சனி

மப்பு வானம். மதிய ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ், நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். தொலைபேசி. என் பெயர்.

பந்தைப் பிடித்தால் தையல் விரலில் தெரியவில்லை. புல்பென் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாளாக என்றார். மூன்று கிழமை. அவர் இன்னொருவனின் பெயரைச் சொன்னார். அவன் ஜாக்கெட்டை என்னிடம் எறிந்துவிட்டு ஓடினான்.

இரண்டு ஓட்டம் கொடுத்தான். தோற்றோம். நான் போயிருந்தால்? தெரியாது. நாளை ஸ்கான்.

கார் நிறுத்துமிடத்தில் சுதாவின் அழைப்பு. இண்டைக்கும் கூப்பிடேல்லையோ என்றாள்.

"கூப்பிட்டவங்கள். ஏலாது எண்டிட்டன்."

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எந்த விரல்?"