பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

காளவாசல், மதுரை
புதன்கிழமை

அழகுபாண்டிக்கு,

தவ்பீக் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை, அதனால் கேட்கவில்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது கூரியரில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் பேசினால் "டேய் மாப்ள" என்று ஒரு இழுப்பு இழுத்து என்னைக் கவிழ்த்துவிடுவாய். மெசேஜ் என்றால் நான் பாதி அடிக்கும்போதே உனக்குத் தெரிந்துவிடும், அதற்குள் ஒரு பதிலைத் தயார் செய்துவிடுவாய். தாளில் எழுதினால் நீ குறுக்கே வர முடியாது. முழுதாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 'தங்கக்குதிரை' நீதான்.

போன சனிக்கிழமை ஆன்லைன் போக்கர் போட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்து என் பந்தயச் சிப்ஸில் பாதிக்குமேல் வாரிக்கொண்டு போன அந்தத் தங்கக்குதிரை. அழகர் ஏறி வருகிற குதிரையின் பெயரை வைத்திருக்கிறாய், உன் பெயரிலேயே அழகு இருக்கிறது. அதைப் பார்த்தவுடனே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. யாரோ மதுரைக்காரன் என்று நினைத்து, சாட்டில் வணக்கம் வேறு போட்டேன். நீ பதில் போடவில்லை.

நமக்குள் இருந்த பேச்சு என்ன? இரண்டு பேரும் ஒரே போட்டியில் இறங்கக்கூடாது. ஒருத்தன் கை ஒருத்தனுக்கு மனப்பாடம், அப்புறம் அது ஆட்டமே இல்லை என்று சொன்னவன் நீ. இந்தப் போட்டி அறிவிப்பு வந்தபோதும் நீதான் முதலில் போன் செய்தாய். "இந்தத் தடவ நீ எறங்கு மாப்ள. எனக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட் இருக்கு. கோவா போட்டிக்குப் போற டீம்ல ஒரே ஒரு எடம்தான், அது ஒனக்குத்தான்" என்றாய். நான் அதை நம்பி, வீட்டில் அத்தா, அம்மா இரண்டு பேரிடமும்கூடச் சொன்னேன், அழகு எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறான் என்று.

எனக்கு இந்த இடம் எவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியும். காசு வைத்து ஆடுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருப்பதால் இந்த மாதிரி இலவசப் போட்டிகள் மட்டும்தான் எனக்கு வழி. அவை வருவதே அபூர்வம். இதிலும் ஒன்றும் ஆகாவிட்டால் சீட்டுப் போட்டிகளையே விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அப்புறம் கப்பலூர் ஃபேக்டரி, மோல்டிங் மெஷின், பிளாஸ்டிக் மூடி. ஓய்வு பெறும் வரை மூடி.

நீதான் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். சொல்கிறேன்.

நாம் சேர்ந்திருந்த காலத்தில் இந்த அறைத் தரையில் சீட்டைப் பரப்பி ஆடும்போது நீ என்னைக் கிண்டல் செய்வாயே, "ஒனக்குப் பொய் சொல்ல வராது மாப்ள. எப்ப ப்ளஃப் அடிப்பன்னு எங்க அம்மாகூட சொல்லும்" என்று. கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிய சீட்டு இருப்பதுபோல் சிப்ஸைத் தள்ளி எதிராளியைப் பயமுறுத்துகிற வேலை எனக்கு வரவில்லை. அதனால் அந்த முடிவை என்னிடமிருந்து பிடுங்கிச் சுவர்க் கடிகாரத்திடம் கொடுத்தேன். கையில் ஒன்றும் இல்லாதபோது விநாடி முள்ளைப் பார்ப்பேன். பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருந்தால் ப்ளஃப். வேறு எங்கே இருந்தாலும் சீட்டை மடக்கி விலகிவிடுவேன். எப்போது பொய் சொல்வேன் என்று எனக்கே தெரியாதபோது எதிராளிக்கு எப்படித் தெரியும்? இதைக் கண்டுபிடித்த அன்று உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். உலகத்திலேயே உன் ஒருவனிடம்தான் சொன்னேன்.

சனிக்கிழமை ஒரு கை. மேசை நடுவில் ஏஸ், கிங், ஒன்பது, இரண்டு, மூன்று. என்னிடம் ஏழும் ஆறும், அதாவது வெறுங்கை. முள் ஒன்றில் இருந்தது. பெரிய தொகையாகச் சிப்ஸைத் தள்ளினேன். நடுவில் ஏஸும் கிங்கும் கிடக்கும்போது அப்படி ஒருவன் தள்ளினால், புத்தி இருக்கிறவன் எழுந்து போவான். தங்கக்குதிரை யோசிக்கக்கூட இல்லை. ஒரு ஜோடி ஒன்பதை வைத்துக்கொண்டு, ஈடாக அதே அளவு சிப்ஸைத் தள்ளிக் 'கால்' போட்டது. கொஞ்ச நேரத்தில் எனக்கு மூன்று ஏஸ் சேர்ந்தது. முள் ஏழில் இருக்கும்போது தள்ளினேன். அதுவரை சீறிக்கொண்டிருந்த குதிரை சத்தமில்லாமல் மடக்கிவிட்டது.

மெஷின் திடீரென்று கழிவுத் துண்டுகளாகத் தள்ள ஆரம்பித்தால் என்ன செய்வோம்? அது பதிந்துவைத்த லாகை எடுத்துப் பார்ப்போம். ஆட்டம் முடிந்ததும் எல்லாக் கைகளின் பதிவையும் இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் விநாடியோடு நேரம் இருக்கிறது. பன்னிரண்டு முதல் மூன்று வரையான கால்வட்டத்துக்கு வெளியே நான் தள்ளியபோதெல்லாம் தங்கக்குதிரை மடக்கியிருக்கிறது. கால்வட்டத்துக்குள் தள்ளியபோதெல்லாம் கால் போட்டிருக்கிறது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. மற்ற யாரும் அப்படி ஆடவில்லை.

அப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. என் சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரத்தின் முள் எங்கே இருக்கிறது என்று ஓசூரில் வேலை பார்க்கிற உனக்கு எப்படித் தெரியும்? அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்த முள்ளை உன் செல்போனோடு விநாடி பிசகாமல் ஓடவிட்டவனே நீதான்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்தாய். ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கடிகாரத்துக்குப் புது பேட்டரி மாற்றினாய். பேட்டரியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, செல்போனைப் பார்த்து, முள் நிற்கிற விநாடி அதிலும் வரும்வரை காத்திருந்து சொருகினாய். "எதுக்குடா இம்புட்டு அக்கறை?" என்றேன். "ரெண்டு நிமிஷம் ஸ்லோவா ஓடுது மாப்ள. ஷிஃப்ட்டுக்கு லேட்டாயிரும்ல" என்றாய். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ விழுந்துவிடக்கூடாதே என்று.

மிச்சம் இருந்த நம்பிக்கையை உன் அம்மா தீர்த்துவைத்தார்கள். திங்கட்கிழமை மலையம்மாள் அம்மாவைப் பார்க்கப் போனேன். அழகர்கோவில் தோசையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். "அவனும் சனிக்கிழமை லீவு போட்டுட்டு போட்டி போட்டின்னு உக்காந்துட்டான்ப்பா. போனையே எடுக்கல. ரெண்டு பேரும் சேந்துதான ஆடுனீக? ஆரு ஜெயிச்சா?" என்று கேட்டார்கள். சேர்ந்துதான் ஆடினோம் என்றேன். அது பொய்யா நிஜமா என்று நீயே முடிவு செய்துகொள்.

வீட்டில் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, சோத்துல கைய வச்சுக்கிட்டு சொவத்த பாத்துக்கிட்டிருந்தா எறங்குமா?" என்றார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கையில ஒண்ணுமில்லாதவன் இருக்குற மாதிரி நடிக்கிறது ஆட்டம்ங்குற. அழகு ஒண்ணுந் தெரியாத மாதிரி நடிச்சா அது மட்டும் எப்படி ஆட்டமில்லாம போச்சு?" என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேசையில் சொல்லும் பொய் மேசைக்கு. அங்கே உட்காருகிற எல்லோருக்கும் அது தெரியும். நீ சொன்னது போனில், நண்பன் என்ற பெயரில். அதற்கு நான் எந்தச் சீட்டை வைத்துக் கால் போடுவது?

புகார் கொடுக்க வழியில்லை. விதிமுறையை இரண்டு தடவை படித்துவிட்டேன். நீ எதையும் மீறவில்லை. உன் சொந்த அடையாளத்தில் வேறு புனைபெயர், அவ்வளவுதான். என் பழக்கம் உனக்குத் தெரிந்திருப்பது குற்றமில்லை. மீறியதெல்லாம் என்னிடம் சொன்ன வார்த்தையை மட்டும்தான், அதற்கு நடுவர் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். ஆறு பேர். உன்னிடம் மலை மாதிரி சிப்ஸ், என்னிடம் சொச்சம். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டேன். இனி பகடைதான் உருட்டுவேன், நீ எட்டிப்பார்க்க முடியாது.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆட்டம் தொடங்கும்போது சாட்டில் "டேய் மாப்ள" என்று ஒரு வார்த்தை போடு. அப்புறம் என்னைத் துடைத்து எடுத்தாலும் சரி. யாரிடம் தோற்கிறேன் என்று தெரிந்து தோற்கிறேன்.

மேசையில் உனக்கு எதிரே இருப்பவன்,
தவ்பீக்


காளவாசல், மதுரை
வெள்ளிக்கிழமை

அழகுக்கு,

தவ்பீக். கடிதம் சனிக்கிழமையே உன் கைக்குச் சேர்ந்துவிட்டது என்று கூரியர்காரர் சொன்னார். உன் கையெழுத்தும் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை சாட்டில் உன்னிடமிருந்து ஒரு எழுத்துகூட வரவில்லை.

நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் நான் பார்த்தபடி எழுதிவைக்கிறேன், நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் இருக்க.

பகடையை வைத்து நன்றாகவே ஆடினேன். மூன்று பேர் வெளியே போனார்கள். மிச்சம் நீ, நான், கோயம்புத்தூர் பிரியம்வதா. அப்போது எனக்கு ஒரு வெறி வந்தது. எழுந்து போய் கடிகாரத்தை முகம் தெரியத் திருப்பினேன். கையில் நான்கும் இரண்டும், எதோடும் சேராத கேவலமான கை. முள் பன்னிரண்டைத் தொடும்வரை காத்திருந்து, இருந்த சிப்ஸ் மொத்தத்தையும் தள்ளினேன். இது ப்ளஃப், வா, வந்து என்னை முடி என்று உனக்கு மட்டும் புரிகிற பாஷையில் கத்தினேன்.

நீ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாய். உன் நேரம் தீரப்போகும்போது உன் இரண்டு சீட்டும் திரும்பின. இரண்டும் கிங். நடுவிலும் ஒரு கிங் கிடந்தது. மூன்று கிங்கையும் எல்லோரும் பார்க்கக் காட்டிவிட்டு, மடக்கினாய்.

பிரியம்வதா சாட்டில், "என்னங்க கூத்து இது?" என்று போட்டார். நியாயமான கேள்வி.

அந்தக் கையிலிருந்துதான் நான் மீண்டு எழுந்தேன். கடைசியில் ஜெயித்தேன். அம்மா சர்க்கரை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டேன். நீ என்னிடம் சாரி சொன்னாய் என்று புரிகிறது. ஆனால் அழகு, நான் கேட்டது ஒரு வார்த்தை. நீ போட்டது பிச்சை. முதல் தடவை விதிக்குள் நின்றுகொண்டு என்னை ஏமாற்றினாய். இரண்டாம் தடவை, வேண்டுமென்றே தோற்கக்கூடாது என்ற விதியை மீறி எனக்கு விட்டுக்கொடுத்தாய். இரண்டு தடவையும் என்னை ஒரு ஆளாக மதித்து ஆடவில்லை. எது அதிகம் வலித்தது என்று கேட்டால் இரண்டாவது.

செவ்வாய்க்கிழமை போட்டிக் குழுவிடமிருந்து மெயில் வந்தது. மூன்று கிங்கை மடக்கியது பற்றிப் புகார் வந்திருக்கிறது, அந்த ஆட்டக்காரரை உங்களுக்கு முன்பே தெரியுமா, ஆமா இல்லையா என்று கேட்டிருந்தார்கள். கீழே இன்னொரு வரி. "அவர் உங்களைத் தெரியாது என்று எழுத்தில் பதில் அளித்துள்ளார்."

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னைக் காப்பாற்றத்தான் எழுதியிருப்பாய். அது எனக்குப் புரியாமல் இல்லை. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு, இந்த அறையில் ஒரே பாய், என் அம்மா கையால் நீயும் உன் அம்மா கையால் நானும் சாப்பிட்டது எல்லாவற்றையும் ஒரு வார்த்தையில் அழித்து எழுதியிருக்கிறாய். தெரியாது.

நானும் அதையே எழுதியிருந்தால் கோவா எனக்கு. அவர்களால் எதையும் நிரூபித்திருக்க முடியாது. அப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பகடையையும் உருட்டவில்லை. "தெரியும்" என்று எழுதினேன். எத்தனை வருடமாக, எப்படி, ஏன் மடக்கினான் எல்லாவற்றையும் எழுதினேன். உன்னையும் சேர்த்து மாட்டிவிட்டேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

நேற்று முடிவு வந்தது. நம் இரண்டு பேர் பெயரையும் அடித்துவிட்டார்கள். இடம் பிரியம்வதாவுக்கு. ஒழுங்காக ஆடிய ஒரே ஆள் அவர்தான், போகட்டும். வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். இன்று காலை கப்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே ஒன்றும் பார்க்கவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி போட்டி ஆட்டங்களை விட்டுவிட்டேன். லேப்டாப்பில் இருந்ததை அழித்தாயிற்று.

பழைய சீட்டுக்கட்டு மட்டும் இருக்கிறது, நீ தேநீரைக் கொட்டிக் கறையாக்கிய கட்டு. அதை அம்மா தூக்கிப்போடச் சொல்லவில்லை. "அழகு எப்ப வாரான்?" என்று நேற்றும் கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல வந்தேன். அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

நான் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாகப் புரிந்துகொள். ஆனால் அடுத்த மாதம் உன் அம்மாவைப் பார்க்க வருவாய் அல்லவா? பஸ்ஸை விட்டு இறங்கி முதலில் இங்கே வா. சீட்டுக்கட்டைக் கலைத்துவைக்கிறேன். எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, இருக்கிற சீட்டை வைத்து என்னை ஒழுங்காகத் தோற்கடித்துவிட்டுப் போ. கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன். சுவரில் ஆணி மட்டும்தான் இருக்கிறது.

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். போன கடிதத்தில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். நல்லா இருக்கியாடா?

உன்னைத் தெரிந்தவன்,
தவ்பீக்