சாவு மேளமும் அவர் கையும்

செவ்வாய், இரவு.

வாதத்தில் விழுந்துபோன என் வீட்டுக்காரரின் வலது கையைத் தாளத்தோடு அசைக்கப் பழக்க, உத்திரமேரூரிலிருந்து பிசியோதெரபி பெண் வருகிறாள். அவள் செல்போனில் போடும் தாளத்துக்கு விரல்கூட அசையவில்லை.

இன்று சாயங்காலம் தெருவில் பிணம் போனது. நோயாளி இருக்கும் வீடாயிற்றே என்று கதவைச் சாத்தப் போனேன். திரும்பிப் பார்த்தால், சாவு மேளத்துக்கு அந்தக் கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. பதறிப்போய்க் கதவைச் சாத்திவிட்டேன். கையும் நின்றுவிட்டது.

"தொற... தொறடி" என்றார், வாய் குழற. திறக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "அதையே வூட்ல போடுங்கக்கா, இன்னா இப்போ? கை வருதில்ல?" என்றாள்.

உயிரோடு இருப்பவருக்கு அதை எப்படிப் போடுவேன்?

மேலத்தெருப் பெரியவர் இழுத்துக்கொண்டு கிடக்கிறாராம். அங்கே மேளம் எப்போது கேட்கும் என்று என் காது அந்தப் பக்கமே போகிறது. சீ.